மயிரிழைக் கணக்கு

...இந்த மனிதரை யார் கூப்பிட்டது, யார் போய் வருந்தி வருந்தி அழைத்துக்கொண்டு வந்து இந்த நாற்சந்தியின் நட்டநடுவில் நிறுத்தினார்கள், வெள்ளைக் கையுறை என்ன, மடிப்புக் கலையாத சட்டை என்ன, வாயில் பளபளவென்று விசில் என்ன, ஒரு கையை நீட்டினால் ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, இன்னொரு கையை அசைத்தால் எதிர்த்தெரு பவ்யமாக நகர்கிறது, எங்கே போயிருந்தாராம் இத்தனை வருஷமும்... பல் டாக்டரின் மாடி அறையில், ஜன்னலை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், உள்ளங்கைக்குள் அடங்குகிற எண்ணும் கருவியை வலது கையில் பொத்திக்கொண்டு, காலையிலிருந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வயிறு எரிந்தது. நகராட்சியின் சாலைப் பிரிவில் பொறியாளர் அவள். இந்தச் சந்திப்பு எவ்வளவு மோசமானது என்று நிரூபிக்க வந்திருக்கிறாள். வந்த இடத்தில் சந்திப்பானது, மேற்பார்வையாளரைக் கண்ட வகுப்பு மாதிரி கைகட்டி வாய்பொத்தி உட்கார்ந்திருக்கிறது, ஆட்டோக்கள் வரிசையில் நிற்கின்றன, ஆட்டோக்கள், வரிசையில், இதை யாரிடமாவது போய்ச் சொன்னால் நம்புவார்களா. இப்படி யோக்கியமாக நின்றால் நான் எதைத்தான் எண்ணுவது என்று பல்லைக் கடித்தாள், உள்ளறையில் டாக்டரின் இயந்திரம் யாருடைய பல்லையோ குடைந்துகொண்டிருந்தது.

அவள் எண்ண வந்தது விபத்துகளை அல்ல, நடக்கப் பார்த்து நடக்காமல் போனவற்றை. ஒரு பஸ் திடீரென்று பிரேக் போட்டு உலுக்கி நிற்க வேண்டும், அல்லது கடந்துபோகிறவர் பதறிப்போய்ப் பின்வாங்க வேண்டும், அல்லது ஒரு சைக்கிள் கடைசி நொடியில் ஒடித்துத் தப்ப வேண்டும், உடனே கட்டைவிரலால் ஒரு அழுத்து, டிக், ஒன்று ஏறும். அறிக்கையில் இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு, அலுவலகத்தில் மயிரிழை என்றால்தான் புரியும், இன்னைக்கு எத்தனை மயிரிழை தேறிச்சு என்று கேட்டுக்கொண்டே டீ குடிப்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் பாடம் எடுப்பாள், எதை எண்ணலாம், எதை எண்ணக் கூடாது, ஒருவன் வேண்டுமென்றே பாய்ந்தால் அது கணக்கில் சேராது, தெரியாமல் மாட்டுவது ரோட்டின் குற்றம், தெரிந்தே மாட்டுவது அந்த ஆளின் குற்றம் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். அவள் கேட்டது ஒன்றும் வானத்தை வில்லாக வளைக்கிற வேலை இல்லை. சிக்னலுக்கு நிற்காமல் இந்தக் கட்டடத்தின் மூலையைச் சுற்றி வளைந்தோடுகிறதே அந்த ஃப்ரீ லெஃப்ட், அதை மூட வேண்டும், ஜனங்கள் கடக்கிற இடத்தை நடைபாதையின் உயரத்துக்கு மேடாக்க வேண்டும், மேடாகிவிட்டால் எந்தக் கொம்பனும் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். வரைபடம் மேலதிகாரியின் மேஜையில் தூசி தின்றுகொண்டு கிடக்கிறது. அவருக்கு 'பாக்கலாம் சார்' என்று பெயர், எதைக் கொண்டுபோனாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பாக்கலாம். ஆதாரம் வேணும்மா, அந்த இடத்துல இதுவரைக்கும் யாரும் சாகலையே, என்றார். சாகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கணுமா சார் என்று கேட்டதற்கு, அவருக்கு முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அப்ப எண்ணிக் காட்டுங்க, கணிசமா இருந்தா பாக்கலாம்.

எண்ணிக் காட்ட மூன்று நாள் கொடுத்தார். முதல் நாள் கொட்டு கொட்டென்று மழை, தெருவில் நாதி இல்லை. இரண்டாம் நாள் குடிநீர்ப் பிரிவுக்காரர்கள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து பள்ளம் தோண்டினார்கள், வண்டிகளெல்லாம் ஊர்ந்தன, ஊர்கிற வண்டி யாரை மோதும். இன்று கடைசி நாள், வெயிலும் நல்ல வெயில், பள்ளமும் மூடியாயிற்று, அப்பாடா என்று வந்து உட்கார்ந்தால் இந்த விசில்காரர். தலைவிதியா, சதியா? காலையிலேயே போன் போட்டுக் கேட்டுவிட்டாள். பாக்கலாம் சார் அசரவேயில்லை, ஆமாம்மா, நான்தான் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தேன், ஆய்வு நடக்கிற நேரத்துல ஏதாவது அசம்பாவிதம் ஆயிடக் கூடாதுல்ல, நல்ல ஆளா ஒருத்தரை அனுப்பச் சொன்னேன்... அவர் குரலில் இருந்த அந்தத் திருப்தி, பிள்ளைக்குப் பென்சில் சீவிக் கொடுத்த அப்பா மாதிரி. ஆய்வே அந்த அசம்பாவிதத்தைப் பற்றியதுதானே, சார், என்று கத்த நினைத்தாள், நாக்கு நுனிவரை வந்தது, போன் அதற்குள் வைக்கப்பட்டுவிட்டது. நோயாளிக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வரும்போது முதலில் ஐஸ் தொட்டியில் போட்டு எடுக்கிறவர்கள் இவர்கள். இதையெல்லாம் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

"டீ ஆறுது பாரு" என்று அக்கா வந்து ஜன்னல் விளிம்பில் கோப்பையை வைத்தாள். அக்காவுக்கு இந்த மருத்துவமனையில்தான் வேலை, வாசலருகே மேஜை, வருகிறவர்களுக்கு முறை சொல்லி உட்கார வைப்பாள், வலியில் முகம் வீங்கி வருகிறவர்களைக்கூட எப்படியோ சிரிக்க வைத்துவிடுவாள். டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த ஜன்னலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். "எத்தனை ஆச்சு?" என்றாள். இவள் கருவியைத் திருப்பிக் காட்டினாள். அக்கா எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா? நான் வீட்டுல இருந்து இங்க வர்றதுக்குள்ள தினம் இதைவிட அதிகமா தப்பிப்பேனே" என்றாள், சிரித்தாள், சிரித்துக்கொண்டே கைத்தடியை ஊன்றித் திரும்பிப் போனாள், டக், இழுப்பு, டக், இழுப்பு. அந்தச் சத்தம். போன வருஷம் ஃப்ரீ லெஃப்டுக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் கீழே தெரிகிற அந்த முக்கோணத் திட்டிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தாள், அவ்வளவுதான் அக்கா செய்தது, சிக்னல் அவளுக்குப் பச்சை, எல்லாம் சரி, ஆனால் ஃப்ரீ லெஃப்டில் வருகிறவனுக்குச் சிக்னலே கிடையாதே, அவன் வலப்பக்கம் வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே இடப்பக்கம் வளைகிறான், முன்னால் நிற்கிற மனுஷி அவன் கண்ணுக்கே படுவதில்லை... இடுப்பெலும்பு. அக்கா பிழைத்துக்கொண்டாள். பிழைத்துக்கொண்டதால் கணக்கில் வரவில்லை. பாக்கலாம் சாரிடம் இதைச் சொன்னபோது, அப்படியா, இப்ப எப்படி இருக்காங்க, என்று நிஜமான அக்கறையோடுதான் கேட்டார், அதுதான் இன்னும் ஆத்திரம், கெட்டவராக இருந்தாலாவது மனதாரத் திட்டலாம்.

அன்றிலிருந்து அக்கா அந்தத் திட்டில் நிற்பாள், நிற்பாள், நின்றுகொண்டே இருப்பாள். கடைசி வண்டியும் போய், தெரு துடைத்துவிட்ட மாதிரி ஆன பிறகுதான் காலை எடுப்பாள், பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போனாலும் சரி, உச்சுக்கொட்டினாலும் சரி. ஒருநாள் இவள் கூட வந்தபோது, தெருவில் ஒன்றுமே இல்லை, வாக்கா என்று கையைப் பிடித்து இழுத்தாள், அக்காவின் கை சில்லென்று இருந்தது, இரு, ஒண்ணு வருது, என்றாள், எங்கே வருது, ஒன்றும் வரவில்லை, அக்காவின் காதுக்குள் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் போதாதென்று, அக்கா மகளுக்கு இந்தப் பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் முதல் அந்தச் சின்னது தனியாக, முதுகில் தன்னைவிடப் பெரிய பையோடு, அதே திட்டில், அதே வளைவில்... சித்தி நீதான் ரோடு போடுறவளாச்சே, எனக்கு மட்டும் ஒரு தனி ரோடு போட்டுத் தாயேன் என்று போன வாரம் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டது. நாளைக் காலை நிதி ஒதுக்குகிற குழு கூடுகிறது. நாளை ஒத்திப்போனால் அடுத்த நிதியாண்டு, அடுத்த நிதியாண்டு என்றால் அது பாக்கலாம். கையில் இருக்கிற எண்ணிக்கையைக் கொண்டுபோய் வைத்தால் என்ன சொல்வார் என்று அவளுக்கு இப்போதே காதில் கேட்டது, பாத்தீங்களாம்மா, நல்லாத்தானே இருக்கு.

கீழே விசில்காரர் கை தூக்கி ஒரு தண்ணீர் லாரியை நிறுத்திவிட்டு, தலையில் கூடையோடு போன ஒரு அம்மாளைச் சிரித்த முகமாக அந்தப் பக்கம் அனுப்பினார், அந்த அம்மாள் திரும்பி நின்று கும்பிட்டாள், ஆகா, என்ன காட்சி, புகைப்படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டலாம். நாளைக்கு இவர் இருப்பாரா? நாளை மறுநாள்? எந்த நல்ல மனிதனும் ஒரு ரோட்டுக்கு நடுவில் ஆயுள் முழுக்க நிற்க முடியாது, அதனால்தானே சிமெண்ட் மேடு வேண்டும் என்கிறோம், மேட்டுக்குப் பசிக்காது, மேட்டுக்குக் கால் வலிக்காது... தூ. ஓட்டுகிறவர்களை நினைத்தால் அதைவிட ஆத்திரம். ஒருவரையும் விட்டுவைக்கக் கூடாது, வீட்டுக்காரர் உட்பட, அவரும் தினம் இந்த வளைவில்தான் ஸ்கூட்டரை ஒடிக்கிறார், மூடிட்டீங்கன்னா நான் சுத்திக்கிட்டுல்ல போகணும் என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், சாதாரணமாகச் சொன்னார், உப்புக் கொஞ்சம் கம்மி என்று சொல்கிற மாதிரி. அக்காவை ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்ட மனுஷன். அன்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள், பேசினால் வாயில் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. அப்போது இரண்டு பையன்கள் ஒரே பைக்கில், விசில்காரர் முதுகு காட்டிய நேரம் பார்த்து, முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு சிவப்பில் பாய்ந்தார்கள், ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது, பையன்கள் கூவினார்கள், சிரித்தார்கள். கட்டைவிரல் பாதி இறங்கிவிட்டது. இல்லை, இது சாகசம், இது சேராது. விரலைத் தூக்கினாள். தூக்குவதற்கு மனசே வரவில்லை, ஒரு நல்ல மயிரிழை வீணாகப் போயிற்றே என்று இருந்தது.

நல்ல மயிரிழை. என்ன வார்த்தை இது, எப்போது இப்படி ஆனேன் என்று கோப்பையை எடுத்தாள், டீ ஆறிப்போய் ஆடை படர்ந்திருந்தது. காத்திருக்கும் அறையில் ஒரு தாத்தா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார், அக்கா அவரிடம் ஏதோ சொன்னாள், அவர் முனகலோடு சேர்த்துச் சிரித்தார். அதோ, கண் சரியாகத் தெரியாத ஒரு கிழவர் திட்டில் நிற்கிறார், கையில் பை, தயங்குகிறார், இறங்கப்போகிறார், பின்னாலேயே ஒரு வேன் வளைகிறது, இறங்கு, இப்போது இறங்கு... விசில். வேன் நின்றது. அவர் பத்திரமாகக் கடந்து இந்தப் பக்கம் வந்து, கீழே உள்ள மருந்துக்கடைக்குள் நுழைந்தார். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏமாற்றம்தான், அதற்கு வேறு பெயர் இல்லை, கருவியைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். இதுவும் அந்த பாக்கலாம் சாரால்தான், ஒழுங்காக முதலிலேயே கையெழுத்துப் போட்டிருந்தால் நான் ஏன் இப்படி ஒரு கிழவர் காலை இடறிக்கொள்ள வேண்டும் என்று ஜன்னலில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கப்போகிறேன். கோபம் இருந்தது நல்லதாகப் போயிற்று, கோபத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதைப் பார்க்க வேண்டியதில்லை.

மதியம் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். வீடு எதிர்ப்பக்கம்தான், மகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வருவாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னும் ஏறலையா?" என்றாள்.

"எங்க ஏறும்? அந்த ஆள் நின்னா எறும்புகூட ரூல்ஸ் படிதான் போகுது."

"நான் வேணா போய் நடுவுல விழட்டுமா?"

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா போக்கா."

"ஏற்கனவே விழுந்தது கணக்குல வரலைன்னுதானே சொன்னே, இன்னொரு தடவை ட்ரை பண்ணலாம்ல" என்று அக்கா சிரித்தாள், இவளும் சிரித்தாள், சிரித்திருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது, அப்போது சிரிப்புத்தான் வந்தது. டக், இழுப்பு, டக், இழுப்பு, படியிறங்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கீழே விசில்காரர் கைத்தடியைப் பார்த்ததும் நாலா பக்கமும் நிறுத்திவிட்டார், ஊரே நிற்க அக்கா மகாராணி மாதிரி நடந்து போனாள், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பி மாடியைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினாள், என்ன பண்றது, ஒண்ணும் நடக்கலையே என்கிற மாதிரி.

அதற்குக் கொஞ்ச நேரத்தில்தான் அது நடந்தது, விசில்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார், பசிக்காதா மனிதருக்கு, நடந்து போய்ச் சந்துக்குள் மறைந்தார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. நல்ல பழக்கம் ஒரு சிவப்பு, ஒரு பச்சை வரை தாங்கியது. பிறகு ஒரு ஆட்டோ மூக்கை நீட்டியது, அதன் பின்னால் இன்னொன்று, ஒரு மினி பஸ் ஃப்ரீ லெஃப்டில் சரிந்துகொண்டு வளைந்தது, ஹாரன், பதில் ஹாரன், அப்பாடா, வந்துவிட்டாயா என் ராசா என்று இவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். சைக்கிள்காரர் ஒடித்தார், டிக். ஒரு பெண் குழந்தையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள், டிக். டாக்ஸி, டிக். இதைத்தானே இத்தனை நாளாகச் சொன்னேன், பாருங்கள், வந்து பாருங்கள் என்று அவளுக்குள் ஒருத்தி குதித்தாள், கோபம்கூட ருசியாக இருந்தது, எண் ஏற ஏற வரைபடத்தின் தூசி தட்டப்படுவது போல, மேடு ஒவ்வொரு அங்குலமாக எழும்புவது போல இருந்தது. இன்னும் கொஞ்சம், அந்த ஆள் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் இன்னும் கொஞ்சம்.

கைத்தடி முதலில் தெரிந்தது, பிறகு அக்கா. திட்டுக்கு வந்து நின்றாள். நிற்கட்டும், நிற்பாள், தெரு துடைத்த மாதிரி ஆகிற வரை நிற்பாள், அக்காவைப் பற்றிக் கவலையில்லை என்று கண்ணை வளைவின் பக்கம் திருப்பினாள், ஒரு நீல வேன் வேகமாக வந்துகொண்டிருந்தது. மறுபடி பார்த்தபோது அக்கா வண்டி வருகிற பக்கம் பார்க்கவில்லை. நிமிர்ந்து, இந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக. முகத்தில் சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை, சந்தையில் தராசைப் பார்க்கிற முகம். பிறகு தடியை முன்னால் வைத்தாள், காலை எடுத்து இறக்கினாள்.

வேன் முனகி, முன்பக்கம் தரையில் குத்திக்கொள்கிற மாதிரி சாய்ந்து நின்றது, தடிக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நுழையாது. டிக். டிரைவர் தலையை வெளியே நீட்டி, கண்ணு தெரியலையா என்று ஏதோ கத்தினான், அக்கா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், டக், இழுப்பு, இந்தப் பக்கம் வந்து ஜன்னலுக்குக் கீழே மறைந்துபோனாள். இவள் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள்? நாற்காலி பின்னால் விழுந்து கிடந்தது, தாத்தா கன்னத்தைப் பிடித்தபடி, "என்னம்மா ஆச்சு?" என்றார், டாக்டரின் இயந்திரம் நின்றுவிட்டிருந்தது. படியில் சத்தம். டக், இழுப்பு. வரட்டும், வரட்டும், இன்றைக்கு விடப்போவதில்லை, அக்கா என்றுகூடப் பார்க்கப்போவதில்லை, உனக்கு அறிவிருக்கா, நீ போயிட்டா அந்தச் சின்னதுக்கு யார் இருக்கா, யாரைக் கேட்டு இறங்கினே, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க எல்லாம் திரண்டு நின்றது.

அக்கா உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது, தடியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஏறிச்சா?" என்றாள்.

திரண்டிருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "ஏறிச்சு" என்றாள் இவள்.

"அப்ப சரி" என்று அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். "தாத்தா, அடுத்தது நீங்கதான், எழுந்திருங்க."

சேராது. வேண்டுமென்றே செய்தது, சேரவே சேராது, பாடம் எடுக்கிறவள் அவள், விரலை ஆட்டி ஆட்டிச் சொல்கிறவள். கருவியைப் பார்த்தாள், இதில் ஒன்றை மட்டும் திரும்ப எடுக்க வழியில்லை, பக்கவாட்டுக் குமிழைத் திருகினால் மொத்தமும் பூஜ்யமாகிவிடும், மழையும் பள்ளமும் போக மிஞ்சியதெல்லாம் சேர்ந்து போய்விடும். கையால் ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை, கழிக்கத்தான் போகிறாள், கழிக்கலாம், நாளைக் காலை குழுவுக்குள் போவதற்கு முன்னால்... பாக்கலாம். சீ. அந்த வார்த்தை எப்படி இந்த வாயில் வந்தது. கீழே விசில்காரர் திரும்பி வந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார், சந்திப்பு மறுபடி நல்ல பிள்ளையாகிவிட்டது, அக்கா நின்ற திட்டில் யாரும் இல்லை. அக்கா நிமிர்ந்து பார்த்தாளே, அப்போது ஒரு தலையாட்டல் போதுமே, வேண்டாம் என்று, இடது கை சும்மாதானே ஜன்னல் விளிம்பில் கிடந்தது, தூக்கிக் காட்டியிருக்கலாமே. யோசிக்க நேரமில்லை, எல்லாம் ஒரு நொடி, யாரால் முடியும் என்று தனக்கே பதில் சொல்லிக்கொண்டாள். ஆனால் வலது கைக்கு நேரம் இருந்தது. மறுபடி மறுபடி காதுக்குள் ஓட்டிக் கேட்டுப் பார்த்தாள், வேனின் பிரேக்கும் கருவியின் டிக்கும், டிக்கும் பிரேக்கும், எது முதலில் கேட்டது என்று அவளால் சொல்ல முடியவில்லை.